ஊர் முட்டையெல்லாம் பள்ளிக்கூடத்தில்

ஆறாம் ஆண்டு மாணவர்கள் நம் பள்ளியில் "உணவுப் பாதுகாப்பும் பொருளாதார அடிப்படையும்" என்று ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டு, போன வாரம் கவிதா டீச்சர் வீடு தேடி வந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டீச்சர், சட்டி தேய்க்கச் சொன்னா தேய்ப்பேன். கட்டுரையெல்லாம் எனக்கு வராது லா."

"கேன்டீன்ல எங்களையெல்லாம் திட்டுவீங்களே, அந்த மாதிரியே எழுதுங்க ஆண்ட்டி. பிழை இருந்தா நான் திருத்திக்கிறேன்."

இந்தக் கவிதா டீச்சரும் ஒரு காலத்தில் என் கையால் சாப்பிட்ட பிள்ளைதான். கங்கோங் கீரையை மட்டும் மீன் முள்ளைப் போலப் பொறுக்கி ஓரத்தில் வைப்பார். எத்தனை முறை திட்டியிருப்பேன்! அந்தத் திட்டை இன்னும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வளர்ந்த பிறகு அதே கொட்டகையில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பால் கலக்கும் வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆகி புக்கிட் செலம்பாவுக்கு வந்தேன். கொஞ்ச காலம் தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவரும் கத்துவார், நானும் கத்துவேன். அந்தச் சமயத்தில்தான் தமிழ்ப்பள்ளி கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆள் தேடினார்கள். கழுவ வந்தவள், கேன்டீனை நடத்திக்கொண்டிருந்த அம்மா மகன் வீட்டோடு பினாங்குக்குப் போனதும் கரண்டியைப் பிடித்தேன். முழங்கால் தகராறு பண்ணும் வரைக்கும் அதை விடவில்லை.

இப்போது கண்ணை மூடினாலும் அந்த அடுப்படிதான் வருகிறது. தேங்காய்ப் பாலில் சோறு வேகும்போது பண்டான் இலை வாசம் வகுப்பறை வரைக்கும் போகும். முதல் பாடம் நடத்த விடாமல் செய்கிறேன் என்று ஆசிரியர்கள் என்னைக் குற்றம் சொல்வார்கள். ஓய்வு மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு உடம்பு வலி எல்லாம் எங்கே போகும் என்றே தெரியாது.

கேன்டீன் வேலை என்றால் ஆக்கிப் போடுவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். தலையில் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், விரலில் மோதிரம் இருக்கக் கூடாது. சமைத்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, டப்பாவில் போட்டு, தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்தால் அதைத்தான் சோதனைக்கு எடுத்துப் போவார்கள். முட்டைக்கும் முறை உண்டு. வாங்கி வந்ததும் கழுவி வைக்கக் கூடாது, சீக்கிரம் கெட்டுவிடும். பழையது முன்னால், புதியது பின்னால். பொரிப்பதாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும். சோம்பல் பட்டு நேராக உடைத்தீர்களானால், ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் பாழாக்கிவிடும்.

இதையெல்லாம் என்னிடம் கறாராக வாங்கியவர் எங்கள் தலைமையாசிரியர் குணசேகரன் சார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்ற இலவச உணவுத் திட்டம் உண்டு. அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்னால் ஓர் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது வழக்கம். மற்ற பள்ளிகளில் யாராவது ஒரு டீச்சர் ஸ்பூனால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் சார் அப்படி இல்லை. நான் தனியாக எடுத்து வைக்கும் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வரிசையின் நடுவில் இருக்கும் தட்டு ஒன்றை எடுத்து, நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிடுவார். நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஒரு வார்த்தை வராது. சாப்பாடு சரியாக இருந்தால் ஸ்பூனைத் தட்டில் நிமிர்த்தி வைப்பார். எதிலாவது குறை என்றால் ஸ்பூன் குப்புறக் கிடக்கும். என்ன குறை என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து சொன்னால் என்ன முத்தா உதிர்ந்துவிடும் என்று முணுமுணுப்பேன். பிறகு பழகிவிட்டது. நிமிர்ந்த ஸ்பூனைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி.

இனி முட்டைக்கு வருகிறேன்.

ஒரு வருடம் ஊரில் முட்டைக்குப் பஞ்சம் வந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாக நான் வாங்கும் சீனர் கடையில் முதலாளி, அந்தத் தவுக்கே, கையை விரித்தார். "தெலோர் தாக் அடா லா!" முட்டை இல்லையாம். வேறு கடைகளில் "ஓர் ஆளுக்கு ஒரு தட்டு" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள், தட்டுக்கு முப்பது முட்டைதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாட்டில் உள்ள கோழியெல்லாம் லீவு எடுத்துக்கொண்டதா?

குணசேகரன் சார்தான் விளக்கினார். கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அங்கே விலை ஏறிவிட்டது. இங்கேயோ முட்டையை இன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு. போட்ட காசு கைக்கு வராது என்று பயந்து பண்ணைக்காரர்கள் கோழிகளைக் குறைத்துவிட்டார்கள். நினைத்த மாத்திரத்தில் திரும்பக் கூட்டவும் முடியாது. குஞ்சு வளர்ந்து முட்டை போட மாதக்கணக்கில் ஆகும். "இதுதான் பாக்கியம்மா, வேணும்னு கேக்குற ஆளு அதே அளவு இருக்காங்க, விக்கிற பொருள் கொறஞ்சு போச்சு," என்றார்.

எனக்கு அந்தப் பாடம் எல்லாம் ஏறவில்லை. ஆர்.எம்.டி. உணவில் வாரத்தில் பல நாள் முட்டை உண்டு. அதை எங்கே போய்ப் பிடிப்பது என்பதுதான் என் கவலை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சிவகுமார் நல்ல மனுசன். குரல்தான் லவுட் ஸ்பீக்கர். "கவலய விடுங்க கா! ஆளுக்கு ஒரு தட்டுதானே குடுப்பான்? நம்ம பெத்தவங்க எல்லாரும் போய் ஆளுக்கு ஒன்னு வாங்குவோம்!" என்றார். உடனே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். கேன்டீன் காசு கொடுக்கும், நீங்கள் வாங்கி மட்டும் வந்தால் போதும் என்றுதான் போட்டார். பிள்ளைகளின் சாப்பாடு என்று சொன்னதுதான் தாமதம், நம் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். புக்கிட் செலம்பாவில் இருந்தும் செமிலிங்கில் இருந்தும் மோட்டார் மோட்டாராக வந்து இறங்குகிறார்கள். முன்னால் கணவன் ஓட்ட, பின்னால் மனைவி முட்டைத் தட்டைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறாள். கல்லில் ஏறி இறங்கும்போது "மெதுவா போங்களேன்யா!" என்று ஒரு கத்தல். பாதிப் பேர் காசு வாங்க மாட்டேன் என்று என்னிடம் சண்டை போட்டார்கள். என் ஸ்டோர் அறையில் முட்டை அலமாரி வழிந்து, தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஏறியது. அதன் முன்னால் நின்று போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் மேகலாவும் ஒருத்தி. நீங்கள் இன்றைக்கு வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறீர்களே, அதே மேகலா ஆண்ட்டிதான். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க கா, ஒளிக்க என்னா இருக்கு?" என்றாள்.

அப்போது அவள் தொழிற்சாலை பஸ் நிற்கும் சிம்பாங்கில், அந்த முச்சந்தியில், மேசை போட்டு, தேங்காய்ப்பால் சோற்றுக்கு மிளகாய்ச் சம்பாலும் பாதி முட்டையும் வைத்துக் கட்டும் நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தாள். கணவர் இல்லை. அவளும் மகள் தர்ஷினியும் மட்டும்தான். தர்ஷினி ஐந்தாம் ஆண்டு, ஆர்.எம்.டி. பிள்ளை. மேகலாவுக்கு மோட்டார் கிடையாது. துப்பட்டாவில் சுற்றிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்திருந்தாள். காசும் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ ஏன்டி கொண்டு வர்ற? உன் யாவாரத்துக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கு கா. என் மவ தினமும் இங்கதானே சாப்பிடுது. எல்லாரும் குடுக்குறப்ப நான் மட்டும் சும்மா நிக்க முடியுமா?"

நானும் சரி என்று வாங்கி அடுக்கிவிட்டேன்.

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள். சம்பால் முட்டை, முட்டை போட்ட மீகூன் சேமியா, அவித்த முட்டை. சாரின் ஸ்பூன் தினமும் நிமிர்ந்தே இருந்தது. ஊரில் முட்டைக்கு அலைகிறார்கள், என் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஓர் அவித்த முட்டை நாளில்தான் தர்ஷினியைக் கவனித்தேன். சோற்றைச் சாப்பிட்டாள், கீரையைச் சாப்பிட்டாள். முட்டையைக் காணோம். மேசையில் ஓடும் இல்லை. எழுந்து போகும்போது பினஃபோர் பாக்கெட் மட்டும் உப்பியிருந்தது.

"ஏய், இங்க வா. பாக்கெட்ல என்னா?"

"ஒன்னும் இல்ல ஆண்ட்டி."

நான் விடுவேனா? கையை விட்டு எடுத்தேன். டிஷ்யூ தாளில் சுற்றிய முட்டை, சூடு இன்னும் ஆறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆர்.எம்.டி. சாப்பாடு பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. வழியில் கெட்டுப் போய் யாருக்காவது ஏதாவது ஆனால் பதில் சொல்வது யார்? "இங்கயே உக்காந்து தின்னுட்டுப் போ!" என்று சத்தம் போட்டேன். அவள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, "பசிக்கல ஆண்ட்டி," என்றாள்.

ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள் நான். பசிக்காத பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். கூட்டம் கலைந்த பிறகு அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், குரலை இறக்கிக் கேட்டேன்.

"யாருக்குமா அந்த முட்டை?"

"அம்மாவுக்கு."

"அம்மா சாப்பிடலயா?"

"அதுக்கு இல்ல ஆண்ட்டி. விக்கிறதுக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முட்டை இல்லாத நாசி லெமாக்க யாரும் வாங்க மாட்டறாங்க. கட்டுனதெல்லாம் திரும்பி வந்துருச்சு. கடையில முட்டையே இல்ல. ஒரு முட்டைய அம்மா நூல் வச்சு ரெண்டா அறுக்கும். ஒன்னு கொண்டு போனா ரெண்டு பொட்டலம்."

"உங்கம்மா வீட்ல முட்டை இருக்குன்னு சொல்லுச்சே!"

"இல்ல. அந்த ஒரு தட்டுதான் கெடச்சுச்சு. அதைத்தான் இங்க குடுத்தோம்."

நான் குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் குந்தினேன்.

"நீ முட்டை கொண்டு போறது அம்மாவுக்குத் தெரியுமா?"

"மிச்சம் இருந்துச்சுன்னு நீங்க குடுத்தீங்கன்னு சொன்னேன்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. பிறகு மெதுவாக, "இப்ப அம்மா மேசையே போடல ஆண்ட்டி, பஸ்ஸுக்கு நிக்கிறவங்ககிட்ட அந்த ரெண்டு பொட்டலத்த கையில கொண்டு போய் விக்குது. இன்னும் கொஞ்ச நாள் போடாட்டி வேற யாராச்சும் அந்த எடத்துல போட்டுருவாங்களாம்."

அந்த மேசைதான் அவர்களுக்குச் சோறு. வேறு வருமானம் கிடையாது. பிள்ளைக்கு இலவச முட்டை போடுகிறோம் என்று ஊரே சேர்ந்து, அவள் அம்மா கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கிவிட்டோம். இதில் யாரைக் குறை சொல்வது? கொடுத்தவர்கள் எல்லாரும் அன்போடு கொடுத்தார்கள். மேகலா மானத்துக்காகக் கொடுத்தாள்.

மறுநாள் சார் சாப்பிட்டுவிட்டு ஸ்பூனை நிமிர்த்தி வைத்தார். நான் அதை எடுத்துக் குப்புறத் திருப்பி வைத்தேன். சார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டுல கொறை இல்ல சார். வேற எடத்துல கொறை," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் ஸ்டோர் வாசலுக்குப் போய் முட்டை அடுக்கைப் பார்த்தார். பிறகு ஆறாம் ஆண்டு பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லி, முட்டை அடுக்குக்கு எதிரே நிற்க வைத்தார். தர்ஷினியின் பெயரையோ மேகலாவின் பெயரையோ அவர் எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நம்ம பள்ளிக்கூடத்துல முட்டை நெறைய இருக்கு. உங்க வீட்ல இருக்கா?"

"இல்ல சார். அம்மா தேடிட்டு வந்துட்டாங்க."

"எங்க வீட்லயும் இல்ல சார். தம்பி அழுவுறான்."

"எங்க சித்தப்பா ரொட்டி சானாய் கடையில முட்டை ரொட்டி போடறதில்ல சார்."

"ஏன் இல்ல?" என்றார் சார்.

"கடையில முட்டை வர்றதே கொஞ்சம், சார்," என்றான் ஒரு பையன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "வந்த கொஞ்சத்தையும் நாமதான் சார் வாங்கிட்டு வந்துட்டோம்."

சார் தலையாட்டினார். பாடம் அவ்வளவுதான்.

சாயங்காலம் சிவகுமாரை வரவழைத்தோம். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டு வந்த வீடுகளுக்கே திருப்பிக் கொடுப்பது என்று சார் சொன்னார். சிவகுமார் குதித்துவிட்டார்.

"என்னா சார் பேசுறீங்க? நாளைக்குக் கெடைக்கலன்னா என்னா பண்ணுவீங்க? புள்ளைங்க வயித்துல கை வைக்கலாமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏற்கனவே வச்சாச்சு தம்பி! புள்ளைங்க இங்க மட்டுமா சாப்பிடுது? ராத்திரிக்கு வீட்ல சாப்பிட வேணாமா? வீட்ல அடுப்பு எரியலன்னா நான் போடுற ஒரு முட்டை எத்தன நேரத்துக்குத் தாங்கும்?" என்று கத்தினேன். மேகலா விஷயத்தையும் சொன்னேன்.

சிவகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படிச் சத்தம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. "நம்ம மேகலாவா கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் முட்டைத் தட்டுகளை மோட்டாரில் கட்டி, வீடு வீடாகப் போய்க் கொடுத்தவரும் அவர்தான். மேலிடத்தில் பேசி, வாரத்தில் சில நாள் முட்டைக்குப் பதிலாகப் பருப்பு, சோயாவில் செய்யும் தெம்பே, நெத்திலி என்று மாற்றிப் போட சார் அனுமதி வாங்கினார். எனக்கு வேலை இரட்டிப்பானது. தெம்பேயைப் பார்த்து முகம் சுளித்த பிள்ளைகளை ஒரு வழிக்குக் கொண்டு வருவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தியைத் தவிர.

"குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன் கா," என்று மேகலா வாசலிலேயே சொல்லிவிட்டாள். "என் புள்ள சாப்பிட்ட எடம் அது."

எனக்கு அவளைத் தெரியும். இழுத்துப் பிடித்துக் கொடுத்தால் அப்புறம் முகத்திலேயே முழிக்க மாட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கேன்டீனில் நானும் நாசி லெமாக் விற்பேன். என் வியாபாரத்தில் நல்லா போவது அதுதான். அதை விடுவதற்கு மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் போய்ச் சொன்னேன்.

"எனக்கு முழங்கால் முடியல. இனிமே கேன்டீனுக்கு நாசி லெமாக் நீதான் கட்டித் தரணும். முட்டை நான் தருவேன், ஏன்னா அது என் கடை சாமான். அதுல மிஞ்சுற பொட்டலத்த உன் மேசையில வித்துக்கோ. முடியுமா, முடியாதா?"

மேகலா என்னை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு முழங்கால் எப்ப கா வலிச்சுச்சு? நேத்து பாசார்ல ஓடுனீங்களே!"

"இன்னைக்கு வலிக்குதுடி, அதுக்கு என்னா இப்ப?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த நாளே அவளைக் கிளினிக்குக்கு இழுத்துப் போய் டைபாய்டு ஊசி போட வைத்தேன். அன்று பொய்யாகச் சொன்ன முழங்கால் பிறகு நிஜமாகவே மக்கர் பண்ணியது. நான் விலகியபோது கேன்டீனை எடுத்து நடத்த அவளைத் தவிர வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

மேகலா சிம்பாங்கில் திரும்பவும் மேசை போட்ட அன்று, பள்ளியில் அவித்த முட்டை நாள். தர்ஷினி தட்டோடு வந்து உட்கார்ந்தாள். நான் பாத்திரத்தைத் துடைப்பது போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினாள். ஓட்டை உரித்தாள். கடிக்கக்கூட இல்லை, முழுசாக வாய்க்குள் தள்ளினாள். இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டது.

"மெதுவா தின்னுடி, விக்கிக்கப் போவுது!" என்று அதட்டினேன்.

வாய் நிறைய முட்டையோடு ஏதோ சொல்ல வந்தாள், முடியவில்லை. தண்ணீரைக் குடித்து விழுங்கிவிட்டு, பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினாள். காலியாக இருந்தது.

"இன்னைக்கு எங்கம்மாகிட்ட முட்டை இருக்கு ஆண்ட்டி!"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். வெங்காயம் எதுவும் உரிக்காமலே அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.